அபிசனின் காரில் நான் கேட்ட சத்தம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
மார்ச் 9

அன்பு மகள் நிலூஜாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பால் சுகம், நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். மூன்று கிழமையாக நீ என்னோடு கதைக்கவில்லை. அம்மாவோடு கதைக்கும்போது பின்னால் நின்று உன் குரலைக் கேட்பேன், இருமல் இன்னும் மாறவில்லைப் போல, கொத்தமல்லி அவித்துக் குடி. இஞ்சை பனி உருகித் திரும்ப உறைந்து வாசற்படி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது, அம்மா சப்பாத்துக்கு முள்ளுப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். ரெலிபோனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

அந்தச் சனிக்கிழமை உன் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கத்தைச் சொல்கிறேன். வன்கூவரில் உன் கம்பனி செய்கிற கார் ரேஸ் விளையாட்டுக்கு எஞ்சின் சத்தம் முழுவதும் இனி உன் பொறுப்பு என்று நீ சொன்ன நாளிலிருந்து கராஜில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். சின்ன வயதில் நீ விளையாடும்போது, எந்தக் கார் ஓடாமல் நின்றாலும் ஐடிலில் எஞ்சின் நிமிசத்துக்கு ஒரே ஆயிரம் தரம் சுத்துது, இது எஞ்சின் இல்லை தையல் மெசின் என்று நான் பகிடி பண்ணுவது உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அப்பா, இந்த முறை ஐடில் சரியாய் வரும், குளிரில ஸ்ரார்ட் பண்ணினா நிமிசத்துக்கு ஆயிரத்து இருநூறு சுத்து, சூடேற இறங்கி எழுநூற்று அறுபதில நிற்கும், அபிசன்ர காரில மைக் கட்டிப் பதிஞ்சனாங்கள், ஓடிப் பாத்துச் சொல்லுங்கோ என்று விளையாட்டின் அந்தத் துண்டை அனுப்பியிருந்தாய். மத்தியானச் சாப்பாடு முடிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருந்தேன். எஞ்சின் சூடேறி அடங்கி நின்ற விதத்தைக் கேட்க எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. பிறகுதான் அந்தத் தட்டல் கேட்டது. விட்டு விட்டு, மெதுவாக. விளையாட்டில் அக்சிலரேற்றரை அழுத்தினேன், மறைந்தது. விட்டேன், திரும்ப வந்தது. நாலு தரம் அப்படிச் செய்தேன். உடனே ரெலிபோனை எடுத்தேன், ஏனென்றால் உனக்கும் அபிசனுக்கும் மோதிரம் மாற்ற அவர் வீட்டுக்கு, கல்கரிக்கு, அங்கத்தைய விடியப்புறமே மலைப்பாதையால் பத்து மணித்தியாலம் அதே காரில் நீங்கள் வெளிக்கிட்டிருப்பீர்கள். ஏழு தரம் அடித்தேன், எடுக்கவில்லை. எட்டாவது தரம் எடுத்தாய். காரை நிப்பாட்டு, இப்பவே நிப்பாட்டு என்று நான் கத்திய கத்தலில் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டார். மாமா, ஒண்டுமில்லை, நல்லாத்தான் ஓடுது என்று அபிசன் பணிவாகச் சொன்னது கேட்டது. அந்தப் பிள்ளையை நான் பேச விடவில்லை. காரை இழுத்துக்கொண்டு போகிற வண்டி வரும்வரை இரண்டு மணித்தியாலம் குளிருக்குள் நின்றீர்கள். அங்கை எண்பது பேர் உடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள், லீவு கிடைக்காத நாங்கள் இஞ்சை வீடியோவில் பார்க்க இருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை, இழுத்துக்கொண்டு போன ஊர்க் கராஜில் காரில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நீ எழுதினாய், அப்பா அது எஞ்சின் இல்லை, ஒன்றரை விநாடிப் பதிவைத்தான் விளையாட்டு திருப்பித் திருப்பிப் போடுது, முடிவும் தொடக்கமும் சேருற இடத்தை நான் சரியாய் வெட்டேல்லை, அந்தப் பொருத்துத்தான் தட்டுது, அழுத்தினா வேற பதிவு ஓடும், அதுதான் மறைஞ்சது என்று. உங்கட காதை நம்பி நான் எல்லாரையும் அவமானப்படுத்திப்போட்டன் என்றும் எழுதினாய்.

முப்பது வருடம் எஞ்சினோடு கிடந்தவன் ஒரு நிமிடம் பொறுத்து யோசித்திருக்கலாம்தானே என்று நீ நினைப்பாய். ஏன் முடியவில்லை என்று சொல்கிறேன். சிவானந்தன் மாமா சுரங்கப்பாதையில் செத்தபோது உனக்கு எட்டு வயது. உனக்குத் தெரியாதது ஒன்று, அதற்கு முதல் வியாழக்கிழமை அவர் எண்ணெய் மாற்றக் காரை என்னிடம்தான் கொண்டுவந்தார். ஐடிலில் ஒரு தட்டல், அழுத்த மறைந்தது. ரைமிங் பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற உருளை தேய்ந்தால் அப்படிக் கேட்கும். எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், நேரம் போய்விட்டது. அண்ணை, திங்கட்கிழமை கொண்டுவாங்கோ பாப்பம் என்று மட்டும் சொன்னேன், அதுவரைக்கும் ஓடாதையுங்கோ என்று சொல்லவில்லை. சனிக்கிழமை பெல்ற் அறுந்து எஞ்சின் சுரங்கத்துக்குள்ளே நின்றது, பின்னால் வந்த லொறி நிற்கவில்லை. அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். பதினெட்டு வருடம் இதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, அவருடைய மனுசி சிறிதேவி மாமியின் வீட்டுப் பக்கமே போகாமல் ஒளித்துத் திரிந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிய அம்மாவுக்குச் சொன்னேன். அவர் உடனே என்னோடு ரொம்மனில் இருக்கிற மாமியின் வீட்டுக்கு வெளிக்கிட்டு வந்தார். சிறிதேவி மாமி தேத்தண்ணி வைத்தார், நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் சொன்னார், தெரியும் கிளெமென்ற் அண்ணை, நீங்கள் திங்கள் கொண்டுவரச் சொன்னதை இவர் அண்டைக்கே வந்து சொன்னவர், திங்கள் வரைக்கும் காரை எடுக்காமல் விடுவம் எண்டும் சொன்னவர், மரக்கறி வாங்க வேணுமெண்டு அரியண்டப்படுத்தி அவரைக் கொண்டுபோகப் பண்ணினது நான்தான், நீங்கள் வராமல் விட்டதும் நான் அனுப்பினது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்செண்டு நினைச்சு இவ்வளவு காலமும் உங்கட முகத்தில முழிக்கப் பயந்துகொண்டிருந்தனான் என்று. அம்மா எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மகள், இதை எழுதுவது நான் செய்தது சரி என்று சாதிக்க இல்லை. அபிசனின் காரில் குறை இல்லை, என் பயத்தில்தான் குறை. உன் வேலைக்கு ஒரு சொல், ஒன்றரை விநாடி போதாது, எந்த எஞ்சினும் ஒரே மாதிரி இரண்டு தரம் சுற்றாது, ஒரு நிமிடமாவது பதி, ரேடியேற்றர் விசிறி தொடங்கும்போது ஐடில் கொஞ்சம் தாழ்ந்து எழும்பும், அதை வெட்டி எறியாதே. அபிசனின் அம்மாவின் நம்பரை அனுப்பு. சிவானந்தன் மாமாவின் கதையை அவருக்கும் சொல்லி நானே மன்னிப்புக் கேட்பேன், அவர் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்வேன், எனக்காக நீ யாரிடமும் தலை குனிய வேண்டாம். அபிசனிடமும் நான் கதைக்க வேண்டும். மோதிரத்துக்குத் திரும்ப நாள் வைத்தால் முதலில் எங்களுக்குச் சொல்லு, இந்த முறை லீவு தந்தாலும் தராவிட்டாலும் வருவோம். அப்பா வர வேண்டாம் என்றால் அதையும் நீயே சொல்லு, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

மடுமாதா உங்கள் இருவரையும் எந்தப் பாதையிலும் காப்பாற்றுவாள்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா
சூ. கிளெமென்ற்