நீங்கள் விழுந்த காணி

என் உயிரான அண்ணனுக்கு,

இப்போது வலி இல்லைதானே? முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

அம்மாவை நினைக்கிறேன். புற்றுநோய் முற்றிய கடைசி வாரங்களில் வலி தாங்காமல் சுவரில் தலையை மோதினார். நாம் இருவரும் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். பிரதேச சபைக்குத் தெரிவானதும், தீராத நோயாளர்கள் நிம்மதியாகக் கண்மூட ஓர் இல்லம் வேண்டுமென்று நீங்கள் நின்றது அதனால்தான். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. வத்தேகமவில் கட்டுவோம் என்றால் பக்கத்து ஊர் மடவளையைக் காட்டினார்கள், மடவளை என்றால் குண்டசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். "எல்லாருக்கும் வேணுமாம், அவங்கவங்க வீட்டுப் பக்கம் மட்டும் வேணாமாம்" என்று சிரித்தீர்கள்.

கடைசியில் சபைக் காணியொன்று அமைந்தது. அது என் கணவர் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான் வினை. "சாகக் கிடக்கிறவங்களப் பாத்துக்கிட்டு யாரு இங்க தாலி கட்ட வருவான்? உங்கண்ணன் என்னை ஒழிக்கப் பாக்கிறான்" என்று சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார். உங்களைப் பிடிக்காத உறுப்பினர்கள் தினமும் வந்து அவரை ஏற்றிவிட்டார்கள்.

அத்திவாரம் வெட்டிய அன்று என் கணவரும் அந்த உறுப்பினர்களின் ஆட்களும் கூட்டமாக வந்தார்கள். வேலிக்கட்டைகளைப் பிடுங்கினார்கள். கற்கள் பறந்தன. வேலையாட்கள் ஓட, நீங்கள் மட்டும் வெட்டிய குழிக்கு முன்னால் நின்று, "மச்சான், பேசுவோம் வாங்க" என்றீர்கள். அவர் தரையில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கினார். நான் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உங்கள் தலையில் இறக்கினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. செய்தி கேட்டு ஓடிவந்த உங்கள் ஆட்கள் அவரைக் கீழே தள்ளி, வாயில் இரத்தம் வரும்வரை மிதித்தார்கள். பொலிஸ் வந்திராவிட்டால் கொன்றிருப்பார்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டீர்கள். பிணம் வீட்டுக்கு வந்த அன்று உங்கள் பெயரைக் கத்திக்கொண்டே மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். நீங்கள் இருந்தால் அவர்களைத் தடுத்திருப்பீர்கள், இல்லையா?

நான் பொலிஸில் பார்த்ததைச் சொன்னேன். மாமி என் கன்னத்தில் அறைந்தார். "புருஷனையே காட்டிக் குடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று என் உடுப்புகளை ரோட்டில் வீசினார். இப்போது அண்ணியோடு இருக்கிறேன். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரே பாயில் படுக்கிறோம்.

சபையில் உங்களுக்கு அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். அவரை ஏற்றிவிட்ட அதே ஆள் எழும்பி, இல்லத்துக்கு உங்கள் பெயரை வைக்கலாம், ஆனால் பிரச்சினை இல்லாத வேறு இடத்தில் கட்டலாம் என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அவர் செத்த மண்ணுல கட்டுங்க. இல்லாட்டி அவர் பேரை வாயால எடுக்காதீங்க!" என்று கத்தினேன். காவலாளி என் கையை முறுக்கி வெளியே இழுத்தான். அண்ணி வாசலை மறித்துப் படுத்துவிட்டார். எங்கே கட்டுவதென்று வாக்கெடுக்கும்வரை எழும்பவில்லை. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்தக் காணியே முடிவானது அண்ணா. பொலிஸ் காவலோடு அத்திவாரம் போடுகிறார்கள்.

போன கிழமை அவரைச் சிறையில் பார்த்தேன். முன்பற்கள் இரண்டும் இல்லை. அழுதார். நானும் அழுதேன். கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கோர்ட்டுல நீ யாரா வந்து நிக்கப் போற? என் பொஞ்சாதியாவா, அவன் தங்கச்சியாவா?"

பதிலை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வழக்குக்குக் கூப்பிடுகிற நாளில் கூண்டில் ஏறி, அவர் முகத்தைப் பார்த்தே, கண்டதையெல்லாம் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி