திறந்து பார்க்காமல் சொன்னவர்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அங்கே சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், கோபமாக இருக்கிறது. போனில் பேசினால் நீ நடுநடுவே சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என்னைக் கரைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

வேன் நின்றுபோன கதையை நீ உன் சித்தப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். ஓட்டுகிறவள் நான், என்னிடமும் கேட்டிருக்கலாம். போன மாதமே காலையில் கியர் லீவரைத் தள்ளினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பிறகு மேடு ஏறும்போது இஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டும், சக்கரம் அசையாது. ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, நான் மிதிக்க மிதிக்க அது நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் தன் மோட்டார் நாற்காலியில் இருந்த உன் தங்கை, "நான் வேணா இறங்கித் தள்ளட்டுமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் அந்த வாய்.

இழுத்துக்கொண்டு போன பெரிய ஒர்க்‌ஷாப்பில், கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜர் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "சார் வரலையா மேடம்? சார்கிட்டப் பேசிக்கறேனே" என்றார். சார் இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் எடுத்ததில்லை என்றேன். கியர் பாக்ஸ் முழுதும் போய்விட்டது, உடைக்கப் போன வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டலாம், இல்லையென்றால் வண்டியையே தள்ளிவிடுங்கள் என்றார். அந்த இன்னொரு கியர் பாக்ஸ் எவ்வளவு ஓடியது என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும் மேடம், ஓடற வரைக்கும் ஓடும்" என்கிறார். தெரிந்த தேய்மானத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தெரியாத தேய்மானத்தை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். புள்ளியியல் படித்த என்னிடம் இதைச் சொல்கிறார். நம்முடையதைத் திறந்து பார்த்தீர்களா என்றதற்கு, "திறக்கணுமா என்ன, வயசுதான் தெரியுதே" என்றார். எனக்கும்தான் வயசு தெரிகிறது, என்னையும் அப்படியே கழித்துக் கட்டிவிடுவாரா?

மறுநாள் சித்தப்பா, யாரும் கூப்பிடாமலே, பழைய வண்டி வாங்குகிற ஒருவரோடு வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார். என் இடது முழங்கால் கிளட்ச் மிதிக்காது, அதனால்தான் கியர் தானாக மாறும் வண்டி. அதன் தரையை அறுத்துத் தாழ்த்தி, சாய்தளம் வைத்து, அனுமதி வாங்க நாங்கள் எத்தனை மாதம் அலைந்தோம் என்று உனக்குத் தெரியும். மடிக்க முடியாத அந்த நாற்காலி ஏறுகிற வேறு வாகனம் நம்மிடம் இல்லை. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் உன் தங்கையின் இடத்தை "மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கேன், அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்று அவளுடைய முதலாளியம்மா சொல்லியிருந்தார். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிட்டார். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய். "வித்துத் தொலைங்க சித்தப்பா. அவ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா என்ன? நான் அனுப்பறேன்ல. வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

கதவுக்கு அந்தப் பக்கம் உன் தங்கை இருந்தாள். உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாய், அப்படியென்றால் அது சொல்லக்கூடாதது என்று உனக்கே தெரிந்திருக்கிறது. வந்தவர்கள் போனபின் அவள் வெளியே வந்தாள். அழவில்லை. மெழுகில் பல் செதுக்குகிற சின்னக் கத்திகளைத் துடைத்து டப்பாவில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். அவளுக்கு எட்டாத தட்டு. "அண்ணன் சொல்றதும் சரிதானேம்மா" என்றாள். டப்பாவை அவள் மடியிலேயே திருப்பி வைத்தேன். சித்தப்பாவுக்குப் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை, இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். அவர் "அண்ணிக்குப் படிச்ச திமிரு" என்றாராம். இருக்கட்டும்.

இழுவை வண்டி ஓட்டுநர் சொல்லித்தான், வேனையும் இழுத்துக்கொண்டு, மூக்கு என்கிறவரைத் தேடிப் போனோம். தகரக் கொட்டகை, ஒரே ஒரு வண்டி தூக்கி, தரை மட்டும் நம் சமையலறையைவிடச் சுத்தம். கியர் ஆயிலை அளக்கும் குச்சியை உருவி, இரண்டு விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். அதனால்தான் அந்தப் பெயர். "கருகிடுச்சும்மா. ஆனா ஆயில் கம்மியா இருந்துதான் கருகியிருக்கு. எங்கயும் ஒழுகக் காணோம், அப்புறம் ஆயில் எங்க போச்சு?" என்றார். பக்கத்தில் நின்ற உன் அப்பா, கம்மியாக இருக்க வாய்ப்பே இல்லை, ஞாயிறு தவறாமல் தான் பார்ப்பதாகப் பெருமையோடு சொன்னார். இஞ்சின் ஓடும்போதா, நிற்கும்போதா என்று கேட்டார் மூக்கு. "நிக்கும்போதுதான். எனக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணத் தெரியாதே" என்றார் அப்பா.

இந்த வண்டியில் இஞ்சின் ஓடிக்கொண்டு சூடாக இருக்கும்போதுதான் கியர் ஆயிலை அளக்க வேண்டுமாம். நின்றபின் ஆயிலெல்லாம் கீழே இறங்கி, அளவு கூடுதலாகத்தான் காட்டுமாம். ஓட்டத் தெரியாதவன் பராமரிப்பையாவது செய்வோம் என்று உன் அப்பா, கோட்டுக்கு மேலே நின்ற ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சிக் கோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு லிட்டருக்குக் குறையாது. வீணாக்கக்கூடாதென்று தேதி எழுதி ஒட்டி, படிக்கட்டுக்கு அடியில் பாட்டில்களில் வேறு வைத்திருந்தார். மூக்கு குச்சியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். பிறகு, "கவனிக்காம விட்டுக் கெட்ட வண்டி ஆயிரம் பாத்திருக்கேன் சார். கவனிச்சுக் கெட்டது இதான் முதல்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்பா அன்று பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியின் கையேடு என் முழங்காலுக்கு எதிரே உள்ள பெட்டியிலேயே பத்து வருடமாகக் கிடக்கிறது, அதில் படம் போட்டு எழுதியிருக்கிறது, எதையும் படிக்காமல் நம்பாத நான் அதை ஒருமுறைகூடப் புரட்டியதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கியர் பாக்ஸைத் திறக்கும்வரை அங்கேயே இருந்தேன். பல்சக்கரங்களில் ஒரு கீறல் இல்லை. உள்ளே தானாகவே பிடித்து விடுகிற ஒரு வரிசைக் கிளட்ச் தட்டுகள் மட்டும் கருகி, மேல்பூச்சு போய் மொட்டையாக இருந்தன, மற்றவை வயதுக்கேற்ற தேய்மானம். தட்டுகள், சீல்கள், வடிகட்டி எல்லாம் மாற்றி, உள்ளே இருந்த கரியைக் கழுவி, ஒன்பது நாளில் கொடுத்தார். மூன்றாவது கியர் விழுகிற இடத்தில் இன்னும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. புதுசு போல ஓடும் என்று அவர் சொல்லவில்லை, அதனால்தான் நம்புகிறேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மாசக் கடைசிக்கு இரண்டு நாள் மீதி. ஏறும்போது அப்பாவிடம், "இனிமே ஞாயித்துக்கிழமை சினிமா பாருங்கப்பா" என்றாள், அவரும் சிரித்தார். மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்த மேனேஜர் வண்டியைத் திறந்து பார்க்கவில்லை, நீ உன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ பாசத்தில்தான் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். அப்பாவும் பாசத்தில்தான் ஆயிலை உறிஞ்சினார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நல்ல மனிதர்கள் நடுவே இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம், உன் தங்கையிடம் பேசு. பணத்தைப் பற்றிப் பேசாதே, வேலையைப் பற்றிக் கேள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பகலில் கூப்பிடாதே. அவள் வேலையில் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா