திரை போட ஒரு கனமான கம்பி

ஜூலை 13, ஞாயிறு

போன வாரம் குளியலறையில் அம்மா வழுக்கி, நல்லவேளையாகக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் கைப்பிடி வைக்கிறேன் என்றதற்கு, "நான் என்ன நோயாளியா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. அதனால் இன்று, தண்ணீர் தெறிக்காமல் இருக்கத் திரை போடுகிறேன் என்று பொய் சொன்னேன்.

விஷ்ராந்த்வாடி ஹார்டுவேர் கடையில் இருப்பதிலேயே கனமான ஸ்டீல் கம்பியைக் கேட்டேன். "பர்தா லட்கானா ஹை யா ஹாத்தி?" என்று கடைக்காரர் சிரித்தார். தொங்கப்போவது திரையா, யானையா என்கிறார். அம்மா பிடித்துக்கொள்ள என்று சொன்னால், அது எப்படியும் அவள் காதுக்குப் போய்விடும். திரைக்குத்தான் என்று வாங்கி வந்தேன்.

டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, டிரில்லை மெதுவாக ஓட்டினேன். ஒரு டைல்கூட விரிசல் விடவில்லை. கம்பியை முடுக்கிய பிறகு, காலை மடக்கிக்கொண்டு அதில் தொங்கிப் பார்த்தேன். பின்னால் அம்மா நின்றது தெரியவில்லை.

"தொங்கப்போறது திரை. நீ எதுக்குடா கண்ணு தொங்கற?"

"காத்து பலமா அடிக்கும்மா."

ஜன்னலே இல்லாத குளியலறை அது.

திரையை மாட்டியதும் அம்மா குளிக்கப் போனாள். நான் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உட்கார்ந்து குளிக்கும் ஸ்டூலை விட்டு எழுந்தாள் போல, திரை வளையங்கள் ஒருமுறை கலகலத்தன. தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"கெட்டியாத்தான் இருக்குது. ரெண்டு சாண் இறக்கி வெச்சிருந்தீன்னா, பிடிச்சு எந்திரிக்கத் தோதா இருந்திருக்கும்."

டேப் இன்னும் பாதி இருக்கிறது. நாளைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.