அஞ்சாளைக்குக் கிருத்திகை இல்லை

திருத்தணி மலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வரலட்சுமி காலண்டர் தாளைக் கிழித்து, தறிக்குப் போயிருந்த கணவன் தணிகைமணிக்கு எழுதினாள்.

"பாவா, சோறும் ரசமும் மேடை மேல இருக்குது. மீன் தொட்டியில தண்ணி ரெண்டு விரக்கடை குறைஞ்சிருந்தது. தண்ணிதான் ஆவியாவும், உப்பு அப்படியே இருக்கும்னு சொன்னீங்களே, அதனால நல்ல தண்ணி மட்டும் ஊத்தினேன். மூடி மேல அம்மிக்குழவி வெச்சிருக்கேன், எடுக்காதீங்க. மறுபடி அந்த அஞ்சாளை வெளிய வந்து நெளிஞ்சிகினு கிடந்தா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து தாளின் ஓரத்தில் எழுதிச் சேர்த்தாள். "மீனுக்குப் போட இறால் ஃப்ரிட்ஜ்ல இருக்குது. இன்னிக்குக் கிருத்திகை, நான் தொட மாட்டேன். நீங்களே வந்து போடுங்க."

தெருமுனையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் தொட்டிப் பக்கம் போனாள். பாம்பு போலிருந்த அந்தக் கடல் மீன், அஞ்சாளை, சென்னையிலிருந்து வந்த ஆறு நாளாக எதையும் தின்னவில்லை. குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. "செத்தா சாவட்டும்!" என்று முந்தாநாள் அவள் கத்தியதிலிருந்து தணிகைமணி அவளோடு பேசவில்லை.

கூப்பிட்டவர்கள் போய்விட்டார்கள். இரண்டாம் முறை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"இறால் போட வேணாம். இடுக்கியில நீட்டினேன், வெடுக்குனு பிடுங்கிடுச்சு. ரெண்டு தின்னுச்சு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எங்கிட்ட பேசுங்க."