உன் பெயரை நான் எழுதினேன்

வோபர்ன்,
26.02.1995

என் அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

நீயும் மகள் ஜெசிகாவும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் இருமலும் தும்மலுமாக இருக்கிறோம், வேறு குறையில்லை. மூன்று நாளாகப் போன் எடுக்கிறேன், உன்னுடைய மெஷின்தான் கதைக்கிறது. பன்னிரண்டு நிமிட நடைத் தூரத்தில் இருப்பவளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அந்தத் தூரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தபோதாவது மாதம் ஒருமுறை வந்தாய். இப்போது பக்கத்துத் தொடர்மாடிக்கே குடிவந்துவிட்டாய், ஆளைக் காணோம். வேலை வேலை என்று ஓடி உடம்பைக் கெடுக்காதே.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உங்கள் தொடர்மாடிக்கு அருகிலுள்ள, ஜெசிகா படிக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தைச் செப்ரெம்பரோடு மூடப்போகிறார்களாம். அங்கே படிக்கிறவர்களை எங்கள் நிலாணியின் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்க்கத் திட்டம். எல்லாம் கறுவல் பிள்ளைகளும் சோமாலியாப் பிள்ளைகளும். எங்கள் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? "இந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தானே இங்க வீடு வாங்கினது" என்று நிலாணியின் அப்பா குதிக்கிறார்.

கேள், இன்னொரு புதினம். எதிர்வீட்டு வெள்ளைக்காரி டோரீன், மூன்று வருடமாக என்னைப் பார்த்துச் சிரிக்காதவள், போன கிழமை கேக்கோடு வந்து கதவைத் தட்டினாள்! என் சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடித்தாள். இந்தத் திட்டத்துக்கு எதிராக மனு எழுதுகிறார்களாம், தமிழ் ஆட்களின் கையெழுத்தை நான்தான் எடுத்துத் தர வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் வீடு வீடாக ஏறி முப்பத்தொரு கையெழுத்து எடுத்துவிட்டேன்.

தொடர்மாடியில் இருக்கிற ஒரு தாயும் எங்கள் பக்கம் நின்றால் மனுவுக்குப் பலம் என்று டோரீன் சொன்னாள். உன் நினைவுதான் வந்தது. நீ என்ன, மாட்டேன் என்றா சொல்லப்போகிறாய்? உன் பெயரையும் விலாசத்தையும் எழுதி நானே கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஊர்ச் சங்கத்துக்கும் கோயில் விண்ணப்பத்துக்கும் இப்படித்தானே ஒருவருக்காக ஒருவர் வைக்கிறோம். கோவிக்காதே.

ஜெசிகாவை நினைத்துக் கவலைப்படாதே. கெட்டிக்காரப் பிள்ளை. அவளை ஒருவரும் அந்தப் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணமாட்டார்கள்.

மாறாத அன்புடன்,
உன் குணம்


11.03.1995

குணம்,

உன் கடிதம் தபால்பெட்டியில் கிடந்திருக்கிறது. வியாழக்கிழமைப் பள்ளிக்கூடக் கூட்டம் முடிந்து வந்துதான் எடுத்தேன். முதலே வாசித்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கே போயிருக்கமாட்டேன்.

எனக்குப் பக்கத்தில் மார்சியா இருந்தாள். ஜமேய்க்காக்காரி, எங்கள் அடுத்த கதவு. நான் பின்னேர வேலைக்குப் போகிற நாளெல்லாம் ஜெசிகாவுக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைப்பவள் அவள்தான். கல்விச் சபையில் எங்கள் பகுதிப் பிரதிநிதியான ட்ரஸ்டி மேடையில் நின்று மனுவை வாசித்தார். அந்தக் கட்டடங்களின் பிள்ளைகள் வந்தால் ஒழுக்கமும் தரமும் கெடும் என்று வாசித்தார். பிறகு, "அந்தக் கட்டடத்திலேயே வசிக்கும் திருமதி பேர்ணடெற் றெமிஜியஸும் இதற்கு உடன்படுகிறார்" என்றார். மார்சியா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். லிப்டில் பதினான்காம் மாடிக்கு ஏறும்போது அந்தக் கையெழுத்தை நான் வைக்கவில்லை என்று சொன்னேன். "உன்னுடைய பெயர்தானே?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அவளிடம் விட எனக்கு முகம் இல்லை.

கூட்டத்தில் தந்த மனுவின் பிரதியை ஜெசிகா வாசித்துவிட்டாள். "அம்மா, தோஸ் சில்ட்ரன் எண்டு போட்டிருக்கே, அது நானுமா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? நீ சொல்லித் தா.

டோரீன் உன் சோபாவில் இருந்தாள் என்று எழுதியிருந்தாய். நீங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மாதமே வெள்ளைக்காரர் இரண்டு வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள் என்று போனில் அழுதது நீதானே?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், முப்பது வருடமாக எழுதாதது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆட்களின் பிள்ளைகளைக் கிணற்று வாளியைத் தொட விடவில்லை. கடைசி வாங்கில்தான் எங்களை இருத்துவார்கள். தண்ணீர் வார்த்துவிட ரீச்சர் உன்னைத்தான் விடுவா. நீ வார்ப்பாய், நான் கையை ஏந்திக் குடிப்பேன். நீ நல்ல மனத்தோடுதான் வார்த்தாய். இந்தக் கையெழுத்தையும் நல்ல மனத்தோடுதான் வைத்திருப்பாய்.

முப்பதாம் திகதி அடுத்த கூட்டம். எனக்கு அன்றைக்கு வேலை. நீ எழும்பி, "அவள் வைக்கேல்லை, நான்தான் வைச்சனான்" என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பேர்ணடெற்


வோபர்ன்,
02.04.1995

என் அன்புள்ள பேர்ணடெற்,

உன் கடிதத்தைக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. எந்தக் காலத்துக் கிணற்றை இழுக்கிறாள் என்று பொரிந்தேன். பிறகு இரண்டாம் தரம் வாசித்தேன். உனக்குத் தண்ணீர் வார்ப்பதற்கு ரீச்சர் என்னைத் தெரிந்தெடுத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா? வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வேன். அதை நினைக்க இப்போது உடம்பு கூசுகிறது.

முப்பதாம் திகதி நடந்ததை நானே சொல்கிறேன். எழும்பினேன். மைக் வரைக்கும் போனேன். "பேர்ணடெற் றெமிஜியஸ் என்ற பெயர் பிழையாக வந்துவிட்டது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். "அந்தக் கையெழுத்தை வைத்தது யார்?" என்று ட்ரஸ்டி கேட்டார். முன்வரிசையில் டோரீன் இருந்தாள். நிலாணியின் அப்பா பின்னால் வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்து, "காணும், வந்து இரும்" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து இருந்துவிட்டேன்.

தெரியாது என்றேன், பேர்ணடெற். என் வாயால்.

மனு வென்றுவிட்டது. தொடர்மாடிப் பிள்ளைகளைப் பிரித்து மூன்று தூரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பஸ்ஸில் அனுப்புவார்கள். வெளியே கார் நிறுத்துமிடத்தில் எங்கள் ஆட்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். டோரீன் என்னைக் கட்டிப்பிடித்தாள். யாரோ கேக் வெட்டிக் கொடுத்தார்கள். நானும் ஒரு துண்டு வாங்கித் தின்றேன். ஏன் தின்றேன் என்று கேட்காதே. என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

உன் குணம்


09.04.1995

குணவதி,

உன் கடிதம் வருவதற்கு முதலே மார்சியா சொல்லிவிட்டாள். அவள் அன்றைக்கு மூன்றாம் வரிசையில் இருந்திருக்கிறாள்.

செப்ரெம்பரிலிருந்து ஜெசிகாவுக்குக் காலை ஏழு மணிக்குப் பஸ். மார்சியாவின் மகள் கீஷாவுக்கு வேறு பஸ், வேறு பள்ளிக்கூடம். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஒரே மேசையில் இருக்கிற பிள்ளைகள். இரண்டும் சண்டை பிடித்தமாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்குதுகள். யாரைக் கோபிப்பது என்று அதுகளுக்குத் தெரியவில்லை.

கையெழுத்து வைத்தது நீதான் என்று மார்சியாவிடம் சொன்னேன். "அவள் உன்னுடைய சிநேகிதியா?" என்று கேட்டாள். எங்கள் ஊர் ஆள் என்று சொன்னேன். உன்னை நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லும்போது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.

பேர்ணடெற்


வோபர்ன்,
30.04.1995

பேர்ணடெற்,

எழுத வேண்டாம் என்றாய். இதோடு வைத்திருக்கும் இங்கிலிஸ் கடிதத்துக்காகத்தான் இந்தத் தாள். அது கல்விச் சபைக்குப் போட்ட கடிதத்தின் பிரதி. உன் கையெழுத்தை வைத்தது நான் என்றும், கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னதும் நான் என்றும் அதில் இருக்கிறது. டோரீனுக்கும் ஒன்று போட்டேன். இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். நிலாணியின் அப்பா என்னோடு பேசி எட்டு நாள். எடுத்த முடிவு மாறாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். பஸ் ஓடத்தான் போகிறது. அதனால் மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதவில்லை. மார்சியாவிடம் மட்டும் பிரதியைக் கொடு.

எனக்கு இவ்வளவு இங்கிலிஸ் எழுத வராது என்று உனக்குத் தெரியும். வேறு ஆளிடம் போக வெட்கம். நிலாணியை மேசையில் இருத்தி நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு முன்னால் இருந்து, நான் செய்ததை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவள் தலை நிமிரவேயில்லை. பாதியில் பேனையை வைத்துவிட்டு, "அன்ரியின்ர பேரை எழுதேக்க என்ன நினைச்சனீங்கள் அம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்டும் நினைக்கேல்லை, பிள்ளை" என்றேன்.

அதையும் அவள் கடிதத்தில் எழுதிவிட்டாள். வெட்டு என்று நான் சொல்லவில்லை.

குணவதி