அஞ்சலை பள்ளிக்கூடம் போகவில்லை

ஐப்பசி 10, திங்கள். விடாத மழை.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்பு கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன். 'ழ' போடுவதற்குள் விரல் இழுத்துக்கொள்கிறது. எழுபத்தொரு வயதில் பழகிய கை.

வீட்டுக்காரி அஞ்சலைக்கு: மாத்திரை இரண்டு வேளை. இட்லி மூன்று. குடை தொலைந்தது. தொலைத்தது நான், அவள் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்தது. அவளுக்கு இரண்டு வருடமாக மறதி நோய். அங்கே ஒரு டாக்டரம்மா அதை ஆராய்கிறார். மறதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வராதாம். ஒருவருக்கு வழி மறக்கும், ஒருவருக்குப் பேச்சு குறையும், ஒருவருக்கு இல்லாத ஆள் எதிரில் நிற்பார். நிறையப் பேருடைய மூளைப் படம், பரீட்சை விடை, வீட்டுக் குறிப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். அதுவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒத்துப்போகிறவர்களை ஒரு கூட்டமாகச் சேர்க்கிறது. அடுத்து என்ன வரும் என்று அதை வைத்து யூகிக்கலாமாம். வீட்டில் அவள் அன்றாடம் எப்படி இருக்கிறாள் என்று அந்தக் குறிப்பு எழுதத்தான், எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பில் நான் சேர்ந்தேன்.

அஞ்சலை 'வேகமாகக் குறையும்' கூட்டம். தாள் முழுவதையும் நானே படித்தேன். ஒரு மணி நேரம். படிக்கத் தெரிந்ததற்காக முதல் தடவை வருத்தப்பட்டேன்.

மகள் செல்வி: "நைனா, இனிமே உன்னால முடியாது. நான் வேலைக்குப் போறேன். அம்மாவ ஒரு இல்லத்துல சேத்துடலாம்."

அஞ்சலைக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

ஐப்பசி 11, செவ்வாய். தூறல்.

மாலை வகுப்பு. கிழங்கள் ஒன்பது பேர், முறுக்கு ஒரு பொட்டலம். டீச்சர் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வட்டத்துக்குள் அடங்கவில்லை. எல்லாம் வலது பக்கமே நெருக்கிக்கொண்டு நின்றன. மூன்று முறை அழித்தேன்.

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் அஞ்சலையையும் இதையேதான் வரையச் சொன்னார்கள். அவள் வரைந்ததும் இப்படித்தான் இருந்தது. அவள் என்றைக்குக் கடிகாரம் பார்த்தாள்? மில் சங்கு ஊதினால் மீன் கூடையைத் தலையில் ஏற்றுவாள், அடுத்த சங்குக்கு வீடு. பென்சிலைத் தொட்டதே இல்லை. மறந்துபோனது வேறு, தெரியாதது வேறு. கம்ப்யூட்டர் அதைப் பார்க்க வேண்டாமா?

பார்த்திருக்கும். நான்தான் விடவில்லை. முதல் நாள் ஃபாரம் நிரப்பும்போது, "அம்மா எதுவரைக்கும் படிச்சாங்க?" என்றார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற படித்தவர். "அஞ்சாவது" என்று சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டிருந்தால் எட்டாவது என்றிருப்பேன்.

நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

ஐப்பசி 13, வியாழன். வெயில், அப்பாடா.

தனியாகப் பஸ் ஏறினேன். பலகை படித்தே ஏறினேன், யாரையும் கேட்கவில்லை.

டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர்.

"ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

"மானம் போயிடும்னுதாம்மா."

சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "இன்னும் எத்தன வீட்ல இப்படிச் சொல்லியிருக்காங்களோ. அஞ்சாவது படிச்சவங்களோட சேத்துவெச்சுதானே கம்ப்யூட்டர் இவங்களப் பாக்குது."

ஃபாரத்தை எடுத்து, "நான் மாத்திக்கிறேன்" என்றார்.

"நானே எழுதறேன்மா."

'ஐந்தாவது' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், 'பள்ளிக்கூடம் போகவில்லை.' வரி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. கீழே கையெழுத்து: முருகேசன். மில்லில் சம்பளத்துக்குக் கட்டைவிரல் வைத்த ஆள். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

ஐப்பசி 24, திங்கள். காற்று மட்டும்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரி போனோம். பல வீடுகளில் படிப்பைத் திரும்ப விசாரித்தார்களாம். எங்களைப் போல இன்னும் சிலர் அகப்பட்டார்களாம். படிக்காதவர்களுக்கு இனி கடிகாரம் கிடையாது, வேறு பரீட்சை. கடிகாரத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மறுபடி பார்த்தது. "உங்க வார்த்தையாலதான் ஐயா" என்றார் டாக்டரம்மா. செல்விக்கு முன்னால் சொன்னார். இதை இரண்டு தடவை எழுதலாம். உங்க வார்த்தையாலதான் ஐயா.

அஞ்சலை இப்போது 'மெதுவாகக் குறையும்' கூட்டம்.

"நோய் போயிடாது. ஆனா நேரம் இருக்கு" என்றார்.

புதுப் பரீட்சை. போன தடவை மிருகங்களின் பேர் கேட்டார்கள். ஆடு, மாடு, நாய் என்று நிறுத்திவிட்டாள். இன்று, "ஒரு நிமிஷத்துல மீன் பேரெல்லாம் சொல்லுங்கம்மா" என்றார்.

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்குறியா, பேரு மட்டும் கேக்குறியா?"

டாக்டரம்மா மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். பிறகு அஞ்சலை ஆரம்பித்தாள். நிமிஷம் முடிந்தது, மணி அடித்தது, அவள் நிற்கவில்லை. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில், உப்பளம் தாண்டும்போது செல்வி: "அந்த இல்லத்துப் பேச்ச விடு நைனா. நான் ஷிஃப்ட் மாத்திக் கேக்குறேன்."

மீன்களை இங்கே எழுதி வைக்க நினைத்தேன். வஞ்சிரம். சங்கரா. கவளை. நெத்திலி. கை வலிக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் சொல்லிக்கொண்டே போகிறாள், என் பேனா பின்னாலேயே ஓடுகிறது. மீதி மீனெல்லாம் அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன் என்றேன்.

"யோவ், சுறாவ வுட்டுட்டியே. அத இப்பவே எழுது."

சுறா.