ரப்பரில் ஒரே ஒரு பல் தடம்

சந்தியாகோ,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நொயேலியாவுக்கு,

நீ ஆசி கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன், கடவுள் உன்னைக் காக்கட்டும். இங்கே நான் நலம், உன் தம்பி ஹெனாரோவும் நலம், அவன் மாடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒழுகுகிறது, கேட்டால் மழை என்கிறான். நீ நலமா என்று வழக்கம்போல் ஒரு வரியில் கேட்டு முடிக்க இந்தத் தடவை மனம் வரவில்லை.

மத்ரித்தில் உன் பக்கத்துத் தெருவில் இருக்கும் உன் தோழி கசில்டா இங்கே விடுமுறைக்கு வந்த அன்றே, உன் சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கீச்சு கீச்சுன்னு கத்துதும்மா, கொஞ்சம் தேச்சு அனுப்பு" என்று நீ போனில் சொல்லியிருந்தாயே, உடனே என் பட்டறையில் உட்கார்ந்தேன். கண்ணாடிப் பலகையில் வைத்து, மெல்லிய தகட்டை இரண்டு ஓரத்திலும் செருகிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நின்றது. ஒரு பக்கம் தேய்ந்து முன்னே பின்னே போயிருந்தால்தானே கீச்சிடும்? அப்படியும் நம்பாமல் நாணல் சீவலான என் ரீடைக் கட்டி நானே ஊதினேன், அடிக்குரல் வெண்ணெயாக வந்தது. குறை மவுத்பீஸில் இல்லையென்றால் ஊதுகிற வாயில்தான் இருக்க வேண்டும். அப்புறம்தான் மேல்பல் பதியும் இடத்தில் ஒட்டியிருந்த ரப்பர் கண்ணில் பட்டது. பல் கூசுகிறவர்கள் ஒட்டிக்கொள்வது அது, நீ அவர்களைக் கேலி செய்தவள். பிய்த்துப் பார்த்தேன். அடியில் உன் முன்பற்கள் இரண்டும் வருஷக்கணக்கில் குடைந்த இரண்டு குழிகள். புது ரப்பரிலோ ஒரே ஒரு தடம், அதுவும் ஓரமாக. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுபடி போன் செய்தபோது உன் புருஷன் வில்டன்தான் எடுத்தான். நான் பல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, ரப்பர் எதற்கு என்று மட்டும் கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா அத்தை, பல்லு போச்சு, நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்று தேன் ஒழுகப் பேசினான். கசில்டாவைப் பிடித்து உலுக்கினேன், அவளிடம் நீ சொன்னது கோழி எலும்பைக் கடித்ததில் போனது என்று. ஒரு பல் எப்படியடி இரண்டு விதமாக உடையும்? கொஞ்ச நாளாக நீ அனுப்பும் படங்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டே நிற்கிறாய், நானும் மக்கு, குளிர் என்று நினைத்துக்கொண்டேன். என் சந்தேகம் தப்பென்றால் அவனிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அதை நீ என் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று கசில்டாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள். உள்ளே கூப்பிட்டு காபி போடாதே, கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பு, அவள் அறையில் உனக்கும் கட்டில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அல்தகிராசியா மாதா உன் கூடவே நடக்கட்டும். சாக்ஸபோனை எடுக்க மறந்துவிடாதே. மவுத்பீஸை நான் திருப்பி அனுப்பவில்லை, இங்கே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

உன் வாயைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா எதுவிஹிஸ்